கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? பவர் சப்ளை வாங்க ஓடுவதற்கு முன்

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கி, நானே பூட்டிய கணினி. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை ப்ராசசர், டிடிஆர்4 ரேம், நடுத்தர விலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் திரை பட்டென்று கறுத்தது. மின்விசிறிகள் ஒரு நொடி அடங்கின. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அன்றைக்கு அந்த ஒரு தடவைதான். இரண்டு நாள் கழித்து ஒரே மாலையில் மூன்று தடவை. விசித்திரம் என்னவென்றால், கனமான கேம் ஓடும்போது ஒன்றும் ஆகாது. யூடியூபில் சமையல் வீடியோ பார்க்கும்போது போய்விடும். "நான் தொட்டாலே போயிடுது" என்று மனைவி அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

160 வெள்ளியை வீணாக்கிய பிறகு எனக்குப் பிடிபட்ட வரிசை இது. பயாஸுக்குள் (வின்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போகவும் பெட்டியைத் திறக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: நீலத் திரையை நிற்க வையுங்கள்

நீலத் திரை (வின்டோஸ் முடங்கும்போது காட்டும் பிழைத் திரை) வந்தாலும் நாம் படிப்பதற்குள் வின்டோஸ் ரீஸ்டார்ட் செய்துவிடும். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' என்ற பகுதி இருக்கிறது. அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும், போனில் படம் பிடிக்கலாம். பக்கத்தில் ஒரு தாளும் இருக்கட்டும். எத்தனை மணிக்குப் போனது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவு எழுதினால் போதும்.

படி 2: ஈவன்ட் வியூவர் (நான் சறுக்கிய இடம்)

கணினியில் நடப்பதை வின்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறங்கள். அதில் வின்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' அழுத்தி 41 என்று கொடுங்கள். 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் வரிசையாகச் சிவப்புக் குறிகள் வரும். எனக்குப் பதினொன்று வந்தன.

'பவர்' என்று பார்த்ததும் பவர் சப்ளைதான் போயிற்று என்று முடிவு கட்டி, மறுநாளே புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். சனிக்கிழமை முழுக்க கேபிள் இழுத்துக் கட்டியதில் விரல் நுனி எல்லாம் கீறல். ஞாயிறு காலை கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி ரீஸ்டார்ட்.

41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை. ஏன் என்று அது சொல்லாது. சுவிட்சை நீங்களே பிடுங்கினாலும் இதே 41 வரும். விஷயம் அதற்கு உள்ளே இருக்கிறது. குறியைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'பக்செக்கோட்' என்ற வரியைப் பாருங்கள். 0 என்று இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது வின்டோஸ் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அதிர்ஷ்டம்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே இருப்பது நாம் சாதாரணமாக எண்ணும் பதின்ம எண். நீலத் திரைக் குறியீடுகளோ பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்கள். நான் 26 என்று அப்படியே தேடி, சம்பந்தமில்லாத பக்கங்களில் ஓர் இரவைத் தொலைத்தேன். வின்டோஸ் கால்குலேட்டரை ப்ரோகிராமர் முறைக்கு மாற்றி 26 அடித்தால் 1ஏ என்று காட்டும். அது மெமரி மேனேஜ்மென்ட், அதாவது ரேம் பக்கம் கை நீட்டுகிறது. 278 என்றால் 116, கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை. 292 என்றால் 124, வன்பொருள் பிழை. ப்ராசசரிலிருந்து வோல்டேஜ் வரை எதுவும் இருக்கலாம்.

என் பதினொன்றில் ஒன்பது 0, இரண்டு 26. மேலே இருந்த முதல் குறியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடியிருக்கிறேன். எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

படி 3: காசில்லாமல் முடிகிறவை

எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுகிற வீடு என்றால் தூசி பிசுபிசுவென்று அடையாக ஒட்டியிருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுச் சூட்டைப் பாருங்கள். ஏர்கான் இல்லாத அறையில் மத்தியான வெக்கையில் பார்ப்பதுதான் சரியான சோதனை. ஆனால் சூடு மட்டுமே காரணம் என்றால் இன்றைய ப்ராசசர்கள் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதற்குச் சூட்டைக் குற்றம் சொல்வது கடினம்.

இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அந்த ப்ராசசர்கள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுப் பழுதாவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு கூட்டியது. ஏற்கெனவே பழுதானதை அப்டேட் சரிசெய்யாது. அதற்கு வாரண்டிதான் வழி.

படி 4: ரேம்

பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணையுங்கள். ஏஎம்டி டிடிஆர்5 பலகைகளில் எக்ஸ்போ என்று இருக்கும். ரேம் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் அப்படியே பயன்படுத்துங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது.

பிறகு எக்ஸ்எம்பியை மறுபடி போட்டுவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். இலவசம், யூஎஸ்பியிலிருந்து பூட் செய்ய வேண்டும். வின்டோஸோடு வருகிற மெமரி டயக்னாஸ்டிக் எனக்குப் பிடிக்காது. எல்லாம் நலம் என்று எனக்கு இரண்டு தடவை சான்றிதழ் கொடுத்தது அதுதான். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு முதல் இரண்டு சுற்றும் சுத்தம். தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் மூன்றாவது சுற்றில் நான்கு சிவப்பு வரிகள்.

சரி, எந்த ரேம் ஸ்டிக் என்று பார்ப்போமென்று ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, நான்கு இரவு ஓட்டினேன். நான்குமே சுத்தம்! அப்போதுதான் உறைத்தது. செப்டம்பரில் தள்ளுபடியில் கிடைத்ததென்று அதே மாடலில் இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கிப் போட்டிருந்தேன். போட்ட கையோடு ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டதால் அடியோடு மறந்துவிட்டது. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் சேர்த்து விற்காத ஜோடிகள் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதோடு, ரைசன் 5000க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 3200. நான்கு போட்டால் 2933, சில வகைகளுக்கு அதற்கும் கீழே. நான் நான்கையும் 3600இல் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2933க்கு இறக்கினேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. வேகம் குறைந்ததாக வீட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை.

படி 5: கேம் ஓடும்போது மட்டும் போனால்

இப்போதுதான் பவர் சப்ளையைச் சந்தேகப்படலாம். கிராபிக்ஸ் கார்டில் இரண்டு 8-பின் இணைப்பு இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை வாலை இரண்டிலும் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் பவர் டெஸ்ட் ப்ராசசரையும் கார்டையும் ஒரே நேரத்தில் கசக்கும். சில நிமிடங்களில் ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கிறது. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

பின்சேர்க்கை 1: மெம்டெஸ்டுக்காகப் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியை அணைத்த ஒருவரிடம், திரும்ப வரும்போது வின்டோஸ் 48 இலக்க பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) சாவியைக் கேட்டுவிட்டதாம். பயாஸில் கை வைக்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எல்லாம் செய்து பார்த்தும் நிற்கவில்லை என்றார். கடைசியில் பெட்டியின் முன்பக்க ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு, மேசை ஆடும்போதெல்லாம் தானே அழுந்தியிருக்கிறது. மதர்போர்டிலிருந்து ரீசெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. படி 3லேயே இதையும் செய்துவிடுங்கள்.

நான் அநாவசியமாக வாங்கிய பவர் சப்ளை ஸ்டோர் ரூமில் சும்மாதான் கிடக்கிறது. செங்காங், பொங்கோல் பக்கம் இருப்பவர்கள் மாட்டிச் சோதிக்க இரவல் வேண்டுமானால் கேளுங்கள். அதன் கேபிள்களோடு சேர்த்துத்தான் தருவேன். பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களை இதில் செருகக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், எஸ்எஸ்டி புகைந்துவிடும்.