பவுன் எத்தனை மாற்று? பிரிட்டோரியா அக்கசாலைச் சோதனையும் வீட்டில் செய்யக்கூடியதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாட்டி பெட்டியிலிருந்து வெளிவரும் தங்கக் காசு பெரும்பாலும் மூன்று வகைதான். 1892 முதல் 1900 வரை டிரான்ஸ்வால் குடியரசு வெளியிட்ட, அதன் அதிபர் குரூகர் தலை போட்ட பொன்ட். பிரிட்டிஷ் அரச அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் கூடத்தின்) கிளையாக 1923இல் பிரிட்டோரியாவில் திறந்த அக்கசாலை 1932 வரை அடித்த சவரன். 1967 முதல் வந்த குரூகர்ராண்டு. மூன்றும் 22 காரட், அதாவது ஆயிரம் பங்கில் 916.67 தங்கம். தங்கத்தின் சுத்தத்தை மாற்று என்று சொல்லும் பழைய கணக்கில், பத்தரை மாற்றைச் சுத்தத் தங்கம் என்று வைத்தால் ஒன்பதரையே அரைக்கால் (9.625) மாற்று. பொன்டும் சவரனும் 7.988 கிராம். எட்டு கிராமைப் பவுன் என்று நாம் சொல்வதே இந்தக் காசை வைத்துத்தான்.

அக்கசாலையில் கேள்வி “இது தங்கமா?” என்பதல்ல, “916.67இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது?” என்பது. பிரிட்டனின் 1870 நாணயச் சட்டம் சவரனுக்கு விட்டுக்கொடுத்தது ஆயிரத்துக்கு இரண்டு மட்டுமே. உரைகல்லில் கோடு இழுத்து அந்த இரண்டைக் கண்டுபிடிக்க எந்தக் கண்ணாலும் முடியாது. அதற்கு நெருப்புதான் வேண்டும். நெருப்பில் போட்டால் காசு மிஞ்சாது. அதனால்தான் உருக்கிய தங்கத்திலிருந்தும் அடித்த காசுகளிலிருந்தும் மச்சம், அதாவது சோதனைக்கான மாதிரித் துண்டு, எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு காசையும் அல்ல.

நெருப்புச் சோதனை

மச்சம் 250 மில்லிகிராம். அதை 0.01 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். உருக்கிய தங்கத்தைச் சரியாகக் கலக்காமல் வார்த்திருந்தால் கட்டியின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மாற்று வேறுபடும். எனவே இரண்டு இடத்தில் மச்சம் எடுப்பது நல்லது. தோராய மாற்றை முதலில் உரைகல்லில் பார்த்துக்கொள்வார்கள். அடுத்துச் சேர்க்க வேண்டிய வெள்ளியின் கணக்கு அதில்தான் நிற்கிறது.

தங்கத்தைப் போல இரண்டரை மடங்கு வெள்ளி. 250 மில்லிகிராம் மச்சத்தில் 229 தங்கம் என்றால் சுமார் 573 மில்லிகிராம் சுத்த வெள்ளி வரும். இது கேட்க முரணாக இருக்கும், தங்கத்தின் சுத்தம் பார்க்க அதில் வெள்ளியைக் கலப்பதா என்று. வெடியுப்புத் திராவகம் (நைட்ரிக் அமிலம்) வெள்ளியைத்தான் கரைக்கும். தங்கம் கூடுதலாக இருந்தால் உள்ளே புகவே முடியாது. வெள்ளி இரண்டு மடங்குக்குக் குறைந்தால் நடுவில் கொஞ்சம் கரையாமல் தங்கி, தங்கம் அதிகம் இருப்பதுபோல் கணக்குக் காட்டும். மூன்று மடங்கைத் தாண்டினால் கடைசியில் தங்கம் உருவம் நிற்காமல் தூளாகிவிடும். கழுவும்போது தண்ணீரோடு போகும்.

மச்சத்தையும் வெள்ளியையும் சுமார் 4 கிராம் ஈயத்தகட்டில் இறுக்கிப் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் வைப்பது அடுத்த வேலை. சாம்பல் கிண்ணம் ஏறத்தாழ தன் எடையளவு ஈயத்தைக் குடிக்கும். சின்னக் கிண்ணத்தில் பெரிய பொதியைப் போடாதீர்கள். கிண்ணத்தை முன்கூட்டியே உலையில் பத்து நிமிடமாவது சுட வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஈயம் தெறிக்கும். தெறித்த துளியோடு தங்கமும் போய்விடும்.

உலை 1050 முதல் 1100 டிகிரி செல்சியஸ். காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, செம்பையும் இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கும். தங்கமும் வெள்ளியும் மேலே ஒரு மணியாகத் திரளும். முடியும் தறுவாயை உலைவாயில் கண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மணியின் மேல் வானவில் நிறத் திட்டுகள் சுழலும், ஒரு கணம் மங்கும், பிறகு சட்டென்று ஒரு மின்னல். கடைசி ஈயப் படலம் விலகியது அப்போதுதான். மின்னலுக்கு முன்பே எடுத்துவிட்டால் மணியில் ஈயம் மிஞ்சும். சுத்தியலால் தட்டும்போது ஓரம் வெடிக்கும்.

வெப்பம் குறைந்தால் ஈய ஆக்சைடு மணியைச் சுற்றி மேலோடாக உறைந்து வேலை நின்றுபோகும். அதிகமானால் தங்கமே கொஞ்சம் சாம்பலுக்குள் இறங்கும். மின்னல் அடித்ததும் வெளியே இழுத்துவிடவும் கூடாது. உருகிய வெள்ளி விழுங்கிய ஆக்சிஜன் ஒரேயடியாக வெளியேறி மணி பூத்துச் சிதறும். உலைவாய்க்கு அருகே கொண்டுவந்து மெல்ல ஆற விடுங்கள்.

மணியின் அடியில் ஒட்டிய சாம்பலைத் தூரிகையால் துடைத்து, தட்டி, செந்தழலில் காட்டி இளக்கி, உருளையில் 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய தகடாக்கி, மறுபடி இளக்கிச் சுருளாகச் சுற்ற வேண்டும். சுருளை 33 சதவீத வெடியுப்புத் திராவகத்தில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். கழுவிவிட்டு 49 சதவீதத் திராவகத்தில் இன்னொரு கால் மணி. முதலிலேயே வலுத்த திராவகம் ஊற்றினால் சுருள் உடையும். எல்லாக் கழுவலுக்கும் வடித்த தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரின் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பால் போல வெண்மையாகப் படியும். சுருளில் ஒட்டினால் எடை கூடிவிடும்.

மிஞ்சுவது செங்கல் நிறத்தில், தொட்டால் உதிரும் ஒரு சுருள். தங்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செந்தழலில் காட்டினால் அது சுருங்கி இறுகி மஞ்சளாகும். பார்க்க வேண்டிய காட்சி.

இனிக் கணக்கு. சுருளில் ஒரு துளி வெள்ளி தங்கியிருக்கும். சாம்பலில் ஒரு துளி தங்கம் போயிருக்கும். இந்தப் பிழையை அளக்க, சுத்தத் தங்கத்தையும் செம்பையும் அதே விகிதத்தில் சேர்த்த ஒரு சாட்சி மச்சத்தை அதே உலையில் பக்கத்திலேயே வைப்பார்கள். சாட்சியில் போட்ட தங்கம் 229.2, வந்தது 229.4 என்றால் 0.2 கூடுதல். நம் சுருள் 229.3 என்றால் அதிலும் 0.2 கழித்து 229.1. அதை 250ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 916.4. சட்டத்தின் இரண்டுக்குள் இருக்கிறது, தேறியது. சாட்சி வைக்காத சோதனையைச் சோதனை என்றே சொல்ல மாட்டேன்.

இதை வீட்டில் செய்யாதீர்கள். ஈயப் புகையும் பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடு புகையும் உடலைக் கெடுக்கும். தவிர, தென்னாப்பிரிக்காவில் அனுமதியின்றி உருக்கிய கட்டித் தங்கம் வைத்திருப்பது 2005 விலையுயர்ந்த உலோகச் சட்டப்படி குற்றம். காசாக இருக்கும்வரை தொந்தரவில்லை. உருக்கிய பிறகு அது வேறு பொருள்.

வீட்டில்: தண்ணீரில் நிறுப்பது

முதலில் எடையும் அளவும். சவரன் 22.05 மில்லிமீட்டர் விட்டம், 1.52 தடிமன். குரூகர்ராண்டு 33.93 கிராம், 32.77 மில்லிமீட்டர். எடை சரியாக இருந்து காசு தடித்திருந்தால் உள்ளே வேறு உலோகம். சவரன் கொஞ்சம் இலேசாக இருப்பது குற்றமல்ல; தேய்மானத்துக்குச் சட்டமே 7.938 கிராம் வரை இடம் கொடுத்தது. காந்தத்தை நம்பாதீர்கள், அது இரும்பு போன்ற சில உலோகங்களைத்தான் பிடிக்கும்.

பிறகு அடர்த்தி. தேய்ந்த காசுக்கும் இது மாறாது என்பதால் எனக்கு இதுதான் பிடித்த சோதனை. டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் காசில் குமிழி ஒட்டாது. காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. தங்கமும் செம்பும் சேர்ந்த 22 காரட்டுக்கு 17.6 ஒட்டி வர வேண்டும். குரூகர்ராண்டு 1.93 காட்டும், கணக்கு அழகாக விழும்.

சவரனில்தான் சிக்கல். அது காட்டுவது 0.45 மட்டுமே. 0.01 கிராம் தராசில் ஒரு படி தவறினாலே விடை 17.4க்கும் 18.2க்கும் இடையே ஆடும். 0.001 கிராம் தராசு வாங்குங்கள், அல்லது ஐந்து சவரனை ஒரே நூலில் கட்டி நிறுங்கள், 2.27 வர வேண்டும். காசுமாலையில் கோத்த காசுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. வளையமும் பற்றவைப்பும் மாற்றுக் குறைந்த தங்கம்; அடர்த்தி இறங்கத்தான் செய்யும். சிட்னி அக்கசாலையின் தொடக்ககாலச் சவரன் கிடைத்தால் 18 வரை ஏறலாம். அதில் செம்புக்குப் பதில் வெள்ளி கலந்திருப்பதால் நிறமும் வெளிறியிருக்கும்.

உரைகல்லில் தேய்ப்பதும் திராவகம் வைப்பதும் பழைய காசுக்கு வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் சேகரிப்பாளர் தரும் விலை போய்விடும். எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் கடையில் காட்டலாம், ஆனால் அது மேல்தோலை மட்டும் படிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றும். அடர்த்தியும் எக்ஸ்ரேயும் இரண்டும் ஒத்துப்போனால் தங்கம் பற்றிக் கவலை இல்லை.

காசு பற்றிக் கவலை இன்னும் இருக்கலாம். சரியான தங்கத்திலேயே அடித்த போலிச் சவரன்கள் உண்டு. பிரிட்டோரியா சவரன் என்றால் பின்புறம் குதிரைக்குக் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலுள்ள தரைக்கோட்டில் ‘எஸ்ஏ’ என்ற இரண்டு சிறு எழுத்துகளைப் பத்து மடங்கு லென்சில் தேடுங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் சோப்பு போல மழுங்கி, பக்கத்து வெற்றிடத்தில் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், மாற்று எவ்வளவு சரியாக இருந்தாலும் தங்க எடைக்கான விலைக்கு மேல் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள்.