இல்லாத 2:30 மணி: நிரலில் என்ன செய்வது?

சேலத்தில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு நிரல் எழுதுகிறீர்களா? 2026 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் அதிகாலை 1:59-க்கு அடுத்த நிமிடம் 3:00; கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுகிறார்கள். நமக்கு அப்போது பகல் 12:30. அங்கே அன்று 2:30 என்ற நேரமே கிடையாது.

நம் கணினிகள் இந்திய நேரத்தில் ஓடுவதால் இந்த இல்லாத நேரத்தால் வரும் பிழை சோதனையில் தலைகாட்டாது. அதனால் சோதனைக்கு மட்டுமாவது நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றுங்கள்.

ஜாவாவில் தேதி, நேரத்தை நேர மண்டலத்தோடு வைக்கும் ‘ஸோன்ட் டேட்டைம்’ 2:30-ஐச் சத்தமில்லாமல் 3:30 ஆக்கிவிடும். பைத்தான் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இது இன்னும் ஆபத்து. கண்டுபிடிக்க வழி எளிது: உள்ளூர் நேரத்தை யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி, திரும்ப உள்ளூருக்குக் கொண்டுவாருங்கள். போன நேரமும் வந்த நேரமும் வேறானால் அது இல்லாத நேரம்.

பயனர் தட்டிய நேரம் என்றால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். தினமும் தானாக ஓடும் வேலை என்றால் 3:00-க்கு ஓட்டுங்கள். விட்டுவிட்டால் அன்றைய கணக்கு விடுபடும். இடைவெளியை ஒரு மணி என்று நிரலில் எழுதிவைக்காதீர்கள், ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவில் அரை மணிதான்.

நவம்பர் 1-இல் நியூயார்க்கில் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதால் இதற்கு நேர்மாறு: 1:30 இரண்டு முறை வரும்.