மொரிஸ் மைனரின் ஆடிய ஸ்டியரிங்

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 இன்னும் ஓடுகிறது. ஆனால் கல்லு ரோட்டில் இறங்கினால் ஸ்டியரிங் டக் டக்கென்று தட்டும். பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் அசையும். ரேக் (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டம்) போய்விட்டது என்றார் கராஜ்காரர். எனக்கென்னவோ ஸ்டியரிங் தண்டின் மேல்முனையில் அதை ஆடாமல் பிடித்திருக்கும் கம்பளி உறையான ஃபெல்ட் புஷ் மேல்தான் சந்தேகம்.

பற்றரி வயரைக் கழற்றி, ஹோர்ன் பொத்தானை எடுத்தேன். ஸ்டியரிங் வளையமும் தண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை விட்டு இழுத்தேன். இல்லாவிட்டால் வளையம் மூக்கில்தான் வந்து அடித்திருக்கும். பழைய ஃபெல்ட் கறுத்த தூளாக உதிர்ந்தது. புதியதை என்ஜின் ஒயிலில் ஓர் இரவு ஊறவைத்து (மனைவியின் தேநீர்க் கோப்பையில், அது தனிக் கதை) விரலால் அழுத்திச் செருகினேன். அப்புறம் கோட்டைப் பார்த்து வளையத்தைப் பூட்டினேன். தட்டல் நின்றுவிட்டது. ரேக்கைத் தொடவே இல்லை.