650 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் ஷாக்கை வீட்டிலேயே அளந்து சரிசெய்வது எப்படி?

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்குப் போகும் சாலையில், என் கவாசாகி நிஞ்ஜா 650 திருப்பங்களில் நான் நினைத்த கோட்டில் நில்லாமல் வெளிப்பக்கமாக அகன்று போகத் தொடங்கியது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பின் ஷாக்கில் (ஷாக் அப்சார்பரில்) நான் செய்த கைவேலைதான் காரணம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தவறான ஓர் அளவை நம்பிக் கெடுத்து, பிறகு இரண்டு வாரம் கழித்து அந்தத் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்து மீட்டேன். அதே வேலையை முதன்முறை செய்யப் போகிறவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிப்பதும் சைடு ஸ்டாண்டு போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது சஸ்பென்ஷன் முழு நீளத்துக்கு நீண்டிருக்கும். சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடை ஏறியதும் ஸ்பிரிங் சற்று அமுங்கும்; இந்த இறக்கத்தை வெறுந்தாழ்வு என்று அழைப்போம். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் இன்னும் இறங்கும். முழு நீளத்திலிருந்து கணக்கிட்ட அந்த மொத்த இறக்கம் ஆள்தாழ்வு. நிஞ்ஜா 650-இல் பின்சக்கரம் மொத்தம் 130 மி.மீ. ஏறி இறங்கக்கூடியது. சாலையில் ஓட்டுகிறவருக்கு அதில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 30 முதல் 35 மி.மீ. வரை, ஆள்தாழ்வாக இருப்பது நல்லது. வெறுந்தாழ்வு 5-க்குக் குறையாமலும் 15-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? தாழ்வே இல்லாத வண்டி, சாலை கீழே போகும் இடத்தில் டயரைத் தரையிலிருந்து விலக்கிவிடும்.

இந்த அளவு சொகுசுக்கு மட்டும் உரியது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் வண்டி திரும்பும் விதமே இதில்தான் அடங்கியிருக்கிறது. ஹேண்டில் தண்டு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம் ரேக். அந்தத் தண்டின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன்டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம் டிரெயில். டிரெயில் கூடினால் வண்டி நேராக ஓடவே விரும்பும். குறைந்தால் சட்டென்று திரும்பும். நிஞ்ஜா 650-க்கு ரேக் 24 டிகிரி, டிரெயில் 100 மி.மீ. பந்தயத் தளத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட 2013-ஆம் ஆண்டின் டிரயம்ப் டேடோனா 675-க்கு 22.9 டிகிரியும் 87.7 மி.மீ.-உம். யமஹா ஆர்7 இவை இரண்டுக்கும் நடுவே, 23.7 டிகிரியும் 90 மி.மீ.-உமாக நிற்கிறது. இப்போது, இரு சக்கரங்களுக்கும் இடையே 1,410 மி.மீ. இருக்கும் என் வண்டியின் பின்பகுதி வெறும் 10 மி.மீ. இறங்கினால், ரேக் ஏறத்தாழ 0.4 டிகிரியும் டிரெயில் சுமார் இரண்டரை மி.மீ.-உம் கூடிவிடுகின்றன. வடிவமைப்பாளர்கள் ஒரு மாடலுக்கும் மற்றொரு மாடலுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மி.மீ. வித்தியாசத்தில் வண்டியின் குணத்தையே மாற்றுகிறார்கள் என்னும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்கை நாம் வீட்டு வாசலில் ஸ்பேனரால் மாற்றிவிட முடியும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கருவிகளில் பெரிய செலவு இல்லை. இரும்பு அளவுநாடா, மறைப்பு நாடா, பேனா, நோட்டு, ஷாக்கின் ஸ்பிரிங்கைப் படிப்படியாக இறுக்கவோ தளர்த்தவோ உதவும் வளையத்தைத் திருப்பும் சி ஸ்பேனர், இரண்டு உதவியாளர்கள். தையல் நாடா வேண்டவே வேண்டாம், அது நீளும். அலைபேசிச் செயலிகளால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேடாக் ஸ்டாண்டு (பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தாங்கி) வைத்திருப்பவர்கள் அதைச் செயின் சுத்தம் செய்வதற்கு மட்டும் எடுத்து வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படி 1: இடம்

முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவிய வீடாக இருந்தால் அதன் மேல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். தேய்ந்து பளபளத்த அந்தக் கல்லில் ஸ்டாண்டின் சக்கரமும் வழுக்கும், தூக்கிப் பிடிப்பவரின் காலும் வழுக்கும். கல்லில் எண்ணெய்க் கறை படிந்ததற்கு என் அப்பத்தாவிடம் வாங்கிய திட்டு தனி. வளவு முற்றமும் சரிப்படாது, மழைநீர் வடிய வேண்டும் என்று அதற்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள், வண்டி உருளும். சிமெண்டுத் தரையில் நிறுத்தி, முன் பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். டயரில் காற்றழுத்தம் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

படி 2: அடையாளம்

பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, வால்பகுதி பிளாஸ்டிக்கில் மறைப்பு நாடா ஒட்டி, அதில் ஒரு கோடு போடுங்கள். ஆக்சிலின் மையத்திலிருந்து அந்தக் கோடு வரையிலான தூரத்தைத்தான் கடைசிவரை அளக்கப் போகிறோம். கோடு சாய்வாக அமைந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வரும்.

படி 3: முழு நீளம் (நான் தவறிய இடம்)

சக்கரம் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எங்கும் சொல்கிறார்கள். நானும் பேடாக் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் தூக்கினேன், சக்கரம் தரையை விட்டு எழுந்து சுற்றியது, அளந்தேன், 600 மி.மீ. உடைகளோடு ஏறி உட்கார்ந்தபோது 578. ஆக, ஆள்தாழ்வு 22 என்று முடிவு செய்தேன். 30 வேண்டிய இடத்தில் 22 இருக்கிறது, ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது என்று வளையத்தை ஒரு படி தளர்த்தினேன். மறுபடி அளந்தேன்: ஸ்டாண்டில் 595, உட்கார்ந்தால் 573. மறுபடியும் 22! இன்னொரு படி தளர்த்தினேன்: 590, 568. அப்போதும் 22. தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகன், "அண்ணே, அமுக்கவா தூக்கவா, ஒண்ணு சொல்லுங்க, கை கடுக்குது" என்றான். எனக்கே ஒன்றும் விளங்காததால் அத்தோடு நிறுத்திவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். அதன் விளைவைத்தான் முதல் பத்தியில் சொன்னேன்.

தவறு ஸ்டாண்டில் இருந்தது. பேடாக் ஸ்டாண்டு வண்டியை ஸ்விங் ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைப் பிரேமோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கையில், ஏந்துகிறது. சக்கரம் தரையைத் தொடாவிட்டாலும், வண்டியின் எடை முழுவதும் ஸ்பிரிங் வழியாகவே ஸ்விங் ஆர்மில் இறங்கி நிற்கிறது. அப்படியானால் நான் முழு நீளம் என்று குறித்துக்கொண்டது, ஏறக்குறைய வெறுந்தாழ்வோடு நிற்கும் வண்டியின் அளவுதான். ஒவ்வொரு முறை வளையத்தைத் தளர்த்தும்போதும் அந்த அளவும் சேர்ந்தே 5 மி.மீ. இறங்கியதால் கழித்த பிறகு விடை மாறவேயில்லை.

சரியான முறை இதுதான். ஒருவர் வண்டியைச் சைடு ஸ்டாண்டின் பக்கமாகக் கவனமாகச் சாய்த்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி பிடிக்க, மற்றொருவர் சக்கரம் தானாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள, நீங்கள் அளக்க வேண்டும். அல்லது இருவர் வால்பகுதியின் கைப்பிடிகளைப் பற்றி மேலே தூக்கலாம். எடை பிரேமில் தாங்கப்பட வேண்டும், ஸ்விங் ஆர்மில் அல்ல. அப்படி அளந்தபோது என் வண்டியின் உண்மையான முழு நீளம் 612 மி.மீ. என்று வந்தது. பழைய எண்களை அதிலிருந்து கழித்துப் பார்த்தேன்: நான் கை வைப்பதற்கு முன் வெறுந்தாழ்வு 12, ஆள்தாழ்வு 34. இரண்டும் குறி தப்பாமல் இருந்திருக்கின்றன. தளர்த்திய பிறகு ஆள்தாழ்வு 44.

படி 4: உராய்வைக் கணக்கில் எடுப்பது

வண்டியை அமுக்கி மெதுவாக விட்டால் ஓர் அளவும், தூக்கி மெதுவாக விட்டால் வேறோர் அளவும் வரும். சீல்களிலும் இணைப்புகளிலும் உள்ள உராய்வு அதை இடையில் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே ஒவ்வொரு நிலையிலும் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். என் வண்டியில் உட்கார்ந்த நிலையில் அமுக்கி விட்டபோது 575, தூக்கி விட்டபோது 581; சராசரி 578. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் அணிந்து, ஓட்டும் நிலையில் கால்களைப் பெக்கில் வைத்து உட்காருங்கள். முன்சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 5: வளையத்தைத் திருப்புவது

சி ஸ்பேனரின் கொக்கி சரியாகப் பதிந்த பிறகே அழுத்துங்கள். நழுவினால் விரல் முட்டி போய்விடும். ஸ்விங் ஆர்மின் அமைப்பினால் ஷாக் ஒரு மி.மீ. நகரும்போது சக்கரம் இரண்டு மி.மீ.-க்கு மேல் நகர்வதுண்டு. எனவே ஒரே படி திருப்பி, வண்டியை நாலைந்து முறை அமுக்கி விட்டு, மறுபடி அளக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வளையத்தை இறுக்கினால் ஷாக் கடினமாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்பாதீர்கள். பழைய காகிதக்காரர் கையில் தொங்கும் ஸ்பிரிங் தராசில் முள்ளைச் சுழிக்குக் கொண்டுவரும் திருகைத் திருப்பினால், முள் நிற்கும் இடம் மாறுமே தவிர, ஒரு கிலோவுக்கு அது நகரும் தூரம் மாறாது. ப்ரீலோடு வளையமும் அவ்வாறே: வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மாற்றும், ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. என்னை ஏமாற்றிய அந்த 22, வளையத்தை எத்தனை முறை திருப்பினாலும் அசையாமல் நின்றதற்கும் இதுவே காரணம். என் உடல் எடை ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறது என்பதற்கான விடை அது. ஸ்பிரிங்கை மாற்றினாலொழிய மாறாது.

படி 6: ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறதா?

ஆள்தாழ்வை 30 முதல் 35-க்குள் கொண்டுவந்த பிறகு வெறுந்தாழ்வைப் பாருங்கள். வெறுந்தாழ்வு ஏறக்குறைய ஒன்றுமே இல்லையென்றால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது. உங்களைத் தாங்குவதற்காக அதை முன்கூட்டியே அளவுக்கு மீறி இறுக்க வேண்டியிருந்திருக்கிறது. மாறாக வெறுந்தாழ்வு 20-ஐத் தொட்டால் ஸ்பிரிங் கடினமானது. முதன்முறை படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும். மேலே சொன்ன தராசை மனத்தில் வைத்து இன்னொரு முறை படியுங்கள்.

முன்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் நிஞ்ஜா 650-இன் 41 மி.மீ. ஃபோர்க்கில் திருப்புவதற்கு எதுவும் இல்லை. விலையைக் கட்டுக்குள் வைக்க இவ்வகை வண்டிகளில் முதலில் கத்தரிக்கப்படும் இடம் அது. ஆர்7-இல் ஃபோர்க்கை முழுமையாகச் சரிசெய்யும் வசதி உண்டு. ஆனாலும் அளந்து வையுங்கள்: பளபளக்கும் குழாயில் கேபிள் டை ஒன்றைக் கட்டி சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் அது நின்ற இடம் தெரியும். தடாலென்று ஏறினால் அந்தக் குலுக்கலைத்தான் டை பதிவு செய்யும். ஃபோர்க் மூடியைத் திறந்து உள்ளே ஸ்பேசர் வைக்கும் வேலையைப் புதியவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம்; மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தை நோக்கி வரும்.

படி 7: செயின்

பின்பகுதியின் உயரம் மாறினால் ஸ்விங் ஆர்மின் கோணமும் மாறும், அதனோடு செயினின் தொய்வும் மாறும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும் என்பதால், ஸ்விங் ஆர்மில் ஒட்டிய சீட்டில் உள்ள அளவுப்படி தொய்வை மறுபடி பாருங்கள். இரவில் முகவிளக்கு எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: அமுக்கி விட்ட அளவுக்கும் தூக்கி விட்ட அளவுக்கும் 15 மி.மீ. வித்தியாசம் வருவதாகத் தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அன்றாடம் செம்மண் சாலையில் போகிறவர். இவ்வளவு வித்தியாசம் வந்தால் சராசரி எடுத்துப் பயனில்லை. ஷாக்கின் இருமுனை இணைப்புகளையும் ஸ்விங் ஆர்ம் பேரிங்கையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் இட்ட பிறகு அளக்கச் சொன்னேன். பிறகு 5 மி.மீ.-க்குள் வந்துவிட்டதாகச் சொன்னார்.

பின்சேர்க்கை 2: ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650 வைத்திருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். முறை அதுவே, ஆனால் இருபக்கமும் ஷாக் இருப்பதால் இரண்டு வளையங்களும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒருவர் இடப்பக்கம் மட்டும் திருப்பிவிட்டு வண்டி ஒருபக்கமாக இழுப்பதாகச் சொன்னார்.

பின்சேர்க்கை 3: பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு: அந்த எடையோடு மறுபடி அளந்து, தேவைப்படும் படியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் தனியாளுக்கு மூன்றாம் படி, இருவருக்கு ஐந்தாம் படி என்று எழுதியிருக்கிறேன். சி ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.