நரைக்கு மருதாணியும் அவுரியும்: வீட்டிலேயே சாயமிடும் முறை

மருதாணியை மட்டும் பூசினால் நரைமுடி கருப்பாகாது. இலையில் உள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தையே. கருமுடியில் அது வெறும் பளபளப்பாகத் தெரிய, நரைத்த இழைகளில் முழுச் சிவப்பாக எடுத்துக்காட்டும். கருமை வேண்டுவோர் அதன்மேல், நீலச்சாயம் தரும் செடியான அவுரியின் இலைப் பொடியைப் பூச வேண்டும். இவ்விரண்டும் நேர்மாறான இயல்புடையவை: மருதாணிக்குச் சற்றுப் புளிப்பும் நிறைய நேரமும் தேவை, அவுரிக்குப் புளிப்பும் ஆகாது, தாமதமும் ஆகாது. வீட்டில் போட்டு நிறம் பிடிக்கவில்லை என்று சலித்துக்கொள்வோர் பலர் இரண்டையும் ஒரே விதமாகக் கையாண்டவர்களாகவே இருப்பர்.

பொடி வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது முதல் வேலை. ராஜஸ்தானின் சோஜத் பகுதி மருதாணிக்குப் பெயர் பெற்றது. 2021ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்த ஊர்ப் பொடியானாலும் சேர்மானப் பட்டியலில் மருதாணி இலையைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. 'கருப்பு மருதாணி' என்றும் பத்தே நிமிடத்தில் கருமை என்றும் விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா ஃபீனைலீன் டையமீன் கலந்திருக்கும். சிலருக்கு அது கடுமையான அரிப்பையும் கொப்புளங்களையும் உண்டாக்கும். தூய பொடியே ஆனாலும், சிறிது குழைத்து முழங்கை உட்புறத்தில் தடவி, 48 மணி நேரம் பார்த்த பின்னரே தலையில் வைக்க வேண்டும். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள் மருதாணியை அறவே தவிர்க்க வேண்டும். சீப்பில் உதிர்ந்த நரைமுடியைச் சேர்த்து வைத்து அதில் முதலில் பூசிப் பார்த்தால், தலையில் வரப்போகும் நிறமும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தோள் வரை நீண்ட முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடி போதும். கிராப்புத் தலைக்கு அதில் பாதி. அதனுடன் இரண்டு தேக்கரண்டி நெல்லிக்காய்ப் பொடி சேர்த்து, வெதுவெதுப்பான தேயிலை வடிநீரையோ வெறும் நீரையோ சிறிது சிறிதாக விட்டு, இட்லி மாவின் பதத்தில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறும் புளிப்பைத் தரும் என்றாலும், முடியை வறட்டிவிடும் என்பதால் நெல்லிக்காயே மேல். எண்ணெய் விடுவது வேண்டாம். நிறம் இழையில் ஏறுவதற்கு அது தடையாகும். முட்டை, காப்பித்தூள் என்று கிண்ணத்தில் சேர்ந்துகொண்டே போகும் பொருள்கள் நரையின் நிறத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. இரும்புச் சட்டியில் கரைக்கும் பழைய வழக்கத்தால் குழம்பு கறுக்கும், செம்மையும் சற்று அடங்கும். ஆயினும் வெண்மையைக் கருமையாக்க அது போதாது.

கரைத்ததை மூடி வைத்தால் நம் ஊர் வெயில் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் இறங்கும். குளிர் நாட்களில் இரவு முழுவதும் வைக்கலாம். உள்ளங்கையில் ஒரு துளி வைத்துச் சில நிமிடங்களில் துடைத்தால் ஆரஞ்சுக் கறை தெரிய வேண்டும். அதுவே பூசுவதற்கான தருணம்.

முந்திய நாளே எண்ணெய்ப் பசை போகத் தலைக்குக் குளித்திருக்க வேண்டும். நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் மட்டும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோலில் கறை பிடிக்காது. கையுறை அணிந்து, பிடரியிலிருந்து தொடங்கி வகிடு வகிடாகப் பிரித்து, வேர்க்கால் மறையும்படி தாராளமாக அப்ப வேண்டும். நரை முதலில் எட்டிப் பார்க்கும் காதோரமும் முன்நெற்றியும் நிறத்தை எளிதில் ஏற்பதில்லை என்பதால் அங்கே இரண்டாம் முறையும் வைப்பது நல்லது. காய்ந்தால் நிறம் ஏறாது. ஆகவே பிளாஸ்டிக் தொப்பியால் மூடி மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, ஷாம்பு இல்லாமல் நீரால் மட்டும் அலச வேண்டும். சளித் தொல்லை உள்ளவர்கள் வெயில் ஏறிய பகல் வேளையில் வைத்துக்கொண்டால் தலையில் ஈரக்குளிர்ச்சி அவ்வளவு உறைக்காது.

அவுரியை அன்றைக்கேயோ மறுநாளோ போடலாம். பொடியில் சிட்டிகை உப்பு சேர்த்து, கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் மட்டும் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் பூசத் தொடங்கிவிட வேண்டும். இலையிலிருந்து வெளிப்படும் பொருள் காற்றுப் பட்டதும் நீலமாக மாறத் தொடங்கும். கிண்ணத்திலேயே முற்றிலும் மாறிவிட்டால் பிறகு முடிக்குள் இறங்காது. கொதிநீரும் நிறத்தைக் கெடுக்கும். ஈரமான முடியில் பூசி ஒன்றரை மணி நேரம் மூடி வைத்து அலசினால், முதல் நாள் பச்சையோ நீலமோ கலந்தாற்போல் தோன்றலாம். அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஓரிரு நாட்களில் நிறம் ஆழ்ந்து கருமையாகும் வரை ஷாம்பு போடாதிருந்தால் போதும். மருதாணியின்றி அவுரியை மட்டும் நரையில் பூசினால் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமே கிடைக்கும், அதுவும் நிலைக்காது.

கருப்பு முகத்துக்கு ஒட்டாமல் தெரியும் என்று கருதுவோருக்குப் பழுப்பு நிறமே பொருந்தும். வயது கூடக் கூட அதுவே இயல்பாகத் தோன்றும் என்பது என் எண்ணம். நிறம் இறங்கிய மருதாணிக் குழம்பில், பூசுவதற்குச் சற்று முன்பாகக் குழைத்த அவுரியைச் சம அளவில் கலந்து ஒரே தடவையாகப் போட்டால் அந்நிறம் வரும். அவ்வாறு கலக்கும் நாளில் மருதாணியில் புளிப்புப் பொருள் சேர்க்காமல் வெறும் நீரில் கரைத்து ஊற வைக்க வேண்டும்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் நான்கு வாரங்களில் வேரில் வெள்ளைக் கோடு தெரியும். அப்போது வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் பொடியும் மிச்சம், முடி நுனியும் கனத்துக் கறுக்காது. பின்னாளில் அழகு நிலையத்தில் முடியின் நிறத்தை வெளுக்க விரும்பினால், அவுரி போட்டிருப்பதை அங்கே சொல்லிவிட வேண்டும். வெளுக்கும்போது அது பச்சையாக மாறக்கூடும். மிஞ்சிய மருதாணிக் குழம்பை உறைபெட்டியில் வைத்து அடுத்த முறைக்கு எடுக்கலாம். கரைத்த அவுரியை அவ்வாறு சேமிக்க வழியில்லை என்பதால் தேவைக்கு மட்டும் குழைத்துக்கொள்ள வேண்டும்.