சாயப்பட்டறை தொடங்குகிறீர்களா? முதலில் கழிவுநீர்க் கணக்கைப் போடுங்கள்

ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, கரண்ட் கனெக்‌ஷனும் வாங்கிய பிறகு "ஈடிபிக்கு (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு) எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் தொட்டி கட்ட இடமே மிஞ்சியிருக்காது. இந்தத் தொழிலில் சுத்திகரிப்புதான் முதல் மெஷின். கடைக்கால் தோண்டும் முன்பே அதை முடிவுசெய்துவிட வேண்டும்.

படி 1: நிறமும் இடமும்

தொழில்களை அவை உண்டாக்கும் மாசைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிறங்களாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரித்திருக்கிறது. சாயப்பட்டறை சிவப்பு. அதனால் கிரயம் பேசுவதற்கு முன் இரண்டு அரசாணைகளைப் பாருங்கள்: 1989-இன் 213, 1998-இன் 127. அதிக மாசு தரும் தொழில்கள் ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை அவைதான் சொல்கின்றன. காவிரி, பாலாறு போன்ற ஆறுகளுக்கு அந்தத் தூரம் 5 கிலோமீட்டர். நிலம் மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணத்தை விசாரியுங்கள்.

படி 2: தண்ணீர்க் கணக்கு

ஒரு கிலோ துணிக்கு மொத்தம் 50 லிட்டர், தினம் 1,000 கிலோ துணி என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர் ஏறக்குறைய 50 கேஎல்டி, அதாவது நாளுக்கு 50,000 லிட்டர். தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் சாஃப்ட்-ஃப்ளோ மெஷின் போட்டு இதை 35 ஆக்கினால், அதற்குப் பின்னால் வரும் தொட்டி, பம்பு, உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் எல்லாமே சிறுத்துவிடும். மெஷினில் மிச்சம்பிடிக்கப் பார்த்து ஈடிபியில் கோட்டைவிடாதீர்கள்.

படி 3: உப்பை என்ன செய்வது?

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கழிவில் உள்ள அங்ககப் பொருளைப் பாக்டீரியா தின்றுவிடும். உப்பை அது தொடாது. கரைந்த உப்புகளுக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். உயிரியல் தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வரம்புக்குள் வர முடியாது. நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் பாழானது இந்த உப்பால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று அங்கே ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைதான்.

வரிசை இப்படி: சேகரிப்புத் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டிகள், மெம்பிரேன் வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, கடைசியில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சும் ஆவியாக்கி. ஆர்ஓ 85 சதவீதம் நீரைத் திருப்பித் தந்தால், 50 கேஎல்டியில் ஆவியாக்கிக்குப் போவது 7.5 மட்டுமே. எரிபொருளை விழுங்குவது ஆவியாக்கிதான். ஆர்ஓ சரியாக ஓடினால்தான் பட்டறை பிழைக்கும். ஆர்ஓ கெடாமலிருக்க அதற்கு முந்தைய வடிகட்டல் ஒழுங்காக இருக்க வேண்டும். கொட்டேஷனில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வடிகட்டல்தான். கவனம்.

மீண்டு வரும் சோடியம் சல்பேட்டைத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தலாம். சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு அபாயகரக் கழிவு. அதற்கு 2016 விதிகளின்படி தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். தனி ஆலை கட்டுப்படியாகாது என்றால், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

படி 4: புகை

பாய்லருக்கு விறகு எரித்தால் சாம்பல் பறக்கும். புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற கருவி பெருந்துகளைப் பிடிக்கும். நுண்துகளுக்குப் பை வடிகட்டி வேண்டும், ஆனால் தீப்பொறி பட்டால் பை ஓட்டையாகிவிடும். அதனால் சைக்ளோன் முன்னால், பை பின்னால். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு எளிய சூத்திரம் இருக்கிறது: ஜெனரேட்டர் திறனான கேவிஏயின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்குங்கள், கட்டட உயரத்துக்கு மேல் அத்தனை மீட்டர். 100 கேவிஏ என்றால் 2 மீட்டர்.

படி 5: இரண்டு இசைவாணைகள்

1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் முதலில் நிறுவுவதற்கான இசைவாணை, அதாவது வாரியத்தின் அனுமதி. இது கையில் வராமல் செங்கல் வைக்கக் கூடாது. கட்டி முடித்ததும் இயக்குவதற்கான இசைவாணை. விண்ணப்பம் ஆன்லைனில்; தண்ணீர்க் கணக்கு, ஈடிபி வடிவமைப்பு, மனை வரைபடம் மூன்றிலும் ஒரே எண்கள் இருக்கட்டும். வரைபடத்தில் உள்ள தொட்டியின் அளவு கணக்கோடு ஒத்துப்போகாமல் என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது.

ஏற்கெனவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு

"ஒரே ஒரு மெஷின்தானே" என்று கூடுதலாகப் போட்டால், அதுவும் விரிவாக்கம்தான். இசைவாணையில் எழுதியிருக்கும் உற்பத்தி அளவையோ கழிவுநீர் அளவையோ தாண்டும் முன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். படி 2-க்குத் திரும்பிப் போய், பழைய மெஷின்களையும் சேர்த்து மொத்தமாகக் கணக்குப் போடுங்கள்.