பழைய ராணுவக் கைக்கடிகாரம் எந்தப் படையினுடையது என்று கண்டறிவது எப்படி?

பழைய ராணுவக் கைக்கடிகாரம் ஒன்று கிடைத்தால், பெரும்பாலோர் முகப்பிலுள்ள நிறுவனப் பெயரைக் கொண்டே அதன் பூர்வீகத்தை முடிவுசெய்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் கடிகாரத்தைச் செய்தவரைக் காட்டுமே தவிர, அதைத் தன் வீரர்களுக்கு வழங்கிய படையைக் காட்டாது. லாஞ்சின்ஸ் என்ற ஒரே சுவிஸ் நிறுவனம் பிரிட்டனுக்கும் செய்து கொடுத்தது, செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் செய்து கொடுத்தது. எனவே கடிகாரத்தைத் திருப்பி, பின்மூடியைப் பூதக்கண்ணாடியால் படிக்கத் தொடங்குங்கள்.

மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை முத்திரை. ஆனால் அதே அம்பு இரண்டு 'டி' (D) எழுத்துகளுக்கு நடுவே நின்றால் ஆஸ்திரேலியாவையும், 'சி' எழுத்துக்குள் நின்றால் கனடாவையும் குறிக்கும். அம்புடன் மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் இருந்தால், இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945 வாக்கில், 12 நிறுவனங்கள் பிரிட்டிஷ் படைகளுக்காகச் செய்த புகழ்பெற்ற வகை அது. பிற்காலப் பிரிட்டிஷ் கடிகாரங்களில் '6பி' (6B) விமானப்படையையும், '0552' கடற்படையையும், 'டபிள்யூ10' தரைப்படையையும் சுட்டும். சில கடிகாரங்களில் நேட்டோ இருப்பு எண் இருக்கும்; நேட்டோ நாடுகளின் ராணுவப் பொருட்களுக்கு இடப்படும் அடையாள எண் அது. அதில் 6645 என்பது நேரங்காட்டும் கருவிகளின் வகுப்பு. அதையடுத்த இரண்டு இலக்கங்களே நாடு: 99 பிரிட்டன், 66 ஆஸ்திரேலியா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ்.

அமெரிக்கக் கடிகாரங்கள் இன்னும் வெளிப்படையானவை. போர்க்காலத்து எல்ஜின், வால்தம், புலோவா கடிகாரங்களின் பின்மூடியில் 'ஏ-11' என்ற வகைப் பெயர் இருக்கும். 1960களுக்குப் பிந்தையவற்றில் 'மில்-டபிள்யூ-46374' என்ற தர எண்ணோடு, செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஜெர்மன் தரைப்படைக் கடிகாரத்துக்கு 'டி.எச்.' (D.H.) அடையாளம். பிரெஞ்சுக் கடிகாரத்தில் 'எஃப்.ஜி.' எழுத்துகளுக்குப் பின் வரும் தேதியை உற்பத்தித் தேதியாகக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை. பழுதுபார்த்த பின் தரப்பட்ட உத்தரவாதம் முடியும் நாள் அது.

அடுத்தது முகப்பு. 1945ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் வட்டத்துக்குள் 'டி' (T) எழுத்து இருப்பதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியத்துக்குப் பதிலாகப் பிற்காலத்தில் வந்த டிரிட்டியம் பூச்சின் அடையாளம். பிரிட்டிஷ் படைகளே பல கடிகாரங்களின் ரேடியம் முகப்புகளை அகற்றி டிரிட்டிய முகப்புகளைப் பொருத்தின. அத்தகைய மாற்றமும் கடிகாரத்தின் சேவை வரலாற்றில் ஒரு பகுதியே என்பதால், அதைப் 'பழைய நிலைக்கு' மீட்பதை நான் ஏற்பதில்லை. ரேடியம் பூசிய முகப்பு இன்று ஒளிராவிட்டாலும் அதன் கதிரியக்கம் அப்படியே இருக்கிறது, ஏனெனில் ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். பூச்சைச் சுரண்டவோ, வீட்டில் வைத்து மூடியைத் திறக்கவோ கூடாது.

அனுபவமுள்ள கடிகாரப் பழுதுநீக்குநர் மூடியைத் திறக்கும்போது, உள்ளேயிருக்கும் இயந்திரம் அந்த வகைக்கு உரியதுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பின்மூடியில் அம்புக்குறியின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால், அது பிற்காலத்தில் பொறிக்கப்பட்டதாகவே இருக்கக்கூடும். எல்லாம் பொருந்தினால், இயந்திரத்தின் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஏடுகள் எஞ்சியிருந்தால், கடிகாரம் எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும்.